பல்வலியக்காவின் மோவாய்

மருந்துக்கடையில் அவளுக்குப் பெயர் பல்வலியக்கா. பல்லில் ஒரு கோளாறும் கிடையாது. பாட்டில் மூடியையே கடித்துத் திறப்பாள். ஆனால் எந்நேரமும் புறங்கையை மோவாய்க்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்பாள். பார்க்கிறவர்கள் வேறென்ன நினைப்பார்கள், பாவம்!

விஷயம் இதுதான். இங்கிலீஷ் மருந்துப் பெயரைக் கண்டாலே அவளுக்கு நாக்குக் குழறும். மகளின் வீட்டுப்பாடத்தில் ஒரு வழி இருந்தது: மோவாய்க்கடியில் கையை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும், தாடை ஒருமுறை இறங்கினால் வார்த்தையில் ஒரு துண்டு. அ-சித்-ரோ-மை-சின். ஐந்து துண்டு. துண்டு போட்டுவிட்டால் சொல்லவும் வரும், கணினியில் எழுத்துப் பிசகாமல் அடிக்கவும் வரும். மகள் மறுநாளே மறந்துவிட்டாள். இவள் விட்டாளா? உடும்புப்பிடி!

முதலாளிக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏம்மா, மருந்து வாங்க வர்றவங்க உனக்குப் பல் டாக்டர் விலாசம் குடுத்துட்டுப் போறாங்க. கடை மானம் போகுது. நாளைக்கு மொத்தக்கடைக்கு போன்ல நீதான் ஆர்டர் சொல்ற. கை மோவாய்ல படக்கூடாது. தப்பில்லாம சொன்னா வேலை நிரந்தரம். இல்லேன்னா இந்த மூணு மாசத் தற்காலிக வேலையோட சரி."

அந்த வேலை அவளுக்கு உயிர். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அவள் நின்ற ஒரே இடம் அதுதான்.

மறுநாள் முதலாளி ஒரு படி மேலே போனார். சும்மா இருந்தால் கை மேலே போய்விடுமாம். வந்திறங்கிய அட்டைப்பெட்டிகளில் நாலை அவள் கைகளில் அடுக்கி, பட்டியலைக் கண்ணெதிரே ஒட்டி, போனை ஸ்பீக்கரில் போட்டார். பட்டியலின் முதல் பெயரே ஹைட்ராக்சிகுளோரோகுயின். படுபாவி!

"ஹை... ஹைட்..." வியர்த்துக்கொட்டியது. மேல்பெட்டி மோவாய்க்கு நேரே இருந்தது. மெல்ல மோவாயை அதன்மேல் இறக்கினாள்.

"ஹைட்-ராக்-சி-குளோ-ரோ-குயின்!"

அடுக்கு ஆறு முறை குலுங்கியது. அடுத்த பெயருக்கு ஐந்து. இருபது பெயரும் குலுங்கிக் குலுங்கி, பிசகில்லாமல் வந்தன.

"அடேயப்பா, என்ன தெளிவு!" என்றது போன். "உங்க முதலாளி சொல்றது பாதி புரியாமத்தான் இத்தனை நாளா அனுப்பிட்டிருக்கேன்."

முதலாளி சட்டென்று ஸ்பீக்கரை அணைத்தார்.

"கை படலைங்களே?" என்றாள்.

"சரி சரி, இறக்கி வை. நிரந்தரம்தான்."

பெட்டிகளை வைத்துவிட்டு வீட்டுக்காரருக்கு போன் போட்டாள். சந்தோஷத்தில் நாக்குக் குழறியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கை தானாக மோவாய்க்கடியில் போனது.

"பெர்-ம-னென்ட்," என்றாள் விம்மிக்கொண்டே.

வரிசையில் முதலில் நின்ற பெரியவர் பதறிப்போனார். "அய்யய்யோ, எனக்கொண்ணும் அவசரமில்ல. முதல்ல அந்தம்மா பல்லைக் கவனிங்கய்யா!"