ஒற்றைக் காது மாமன்

பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை ஏறும், இறங்கும். பச்சியப்பனின் மரியாதை மட்டும் இறங்கியதே இல்லை. அதை இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய முழுநேர வேலை. விவசாயமெல்லாம் ஓய்வு நேரத்தில்தான். ஒரு கல்யாணத்தில் கை இல்லாத நாற்காலியைப் போட்டுவிட்டார்கள் என்று பந்தியில் உட்காராமலே ஊர் திரும்பியவர் அவர். அன்றைக்கு வீட்டில் நேற்றைய சோற்றை மோர் ஊற்றி, மிக மரியாதையாகச் சாப்பிட்டார்.

தங்கை கலைமணிக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்தவள் வெண்மதி. தருமபுரி ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கிய அன்றே, "இவ என் மடியில குந்தித்தான் காது குத்திக்குவா" என்று நர்ஸ் வரைக்கும் சொல்லி வைத்தார் பச்சியப்பன். தாய்மாமன் மடி அது. இருக்கிற ஒரே தாய்மாமனும் அவர்தான்.

காது குத்துக்கு நாள் குறித்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்துத் தங்கையும் அவள் புருஷன் வீரமணியும் அழைக்க வந்தார்கள். அந்த நேரம் இவர் மார்க்கெட்டில் யாரிடமோ மரியாதை கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். போனையும் எடுக்கவில்லை. வெகு நேரம் காத்திருந்தவர்கள் தாம்பாளத்தை இவர் மனைவி மாதம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"என் கையில குடுக்காத தட்டு என்னா தட்டு? எனக்கு அழைப்பே வரல" என்றார் சாயங்காலம். "மறுபடி வந்து கூப்புடட்டும்."

"நான் போய்ச் சொல்ல மாட்டேன்" என்றாள் மாதம்மாள். "வேணும்னா நீங்களே போன் போட்டு, என்னைக் கூப்புடுங்கன்னு கேளுங்க."

அப்படிக் கேட்டால் அப்புறம் அவர் பச்சியப்பனா? கேட்கவில்லை. அழைத்தாயிற்று என்று நினைத்த வீரமணியும் மறுபடி வரவில்லை.

காது குத்தன்று மாதம்மாள் சீர்த்தட்டோடு காலை பஸ்ஸுக்குக் கிளம்பினாள். "மாமன் மடி இல்லன்னா அத்தை மடி இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவள் தலை மறைந்ததும் பச்சியப்பன் குளித்தார், புது வேட்டி கட்டினார். கை வைத்த நாற்காலியை வாசலில் போட்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். அழைக்கக் கார் வரும், கொஞ்சம் முறுக்கிக்கொண்டு அப்புறம் ஏறலாம் என்பது திட்டம். முறுக்குவதற்கான வசனம்கூடத் தயார். பால் வண்டி போனது, டிராக்டர் போனது, கார் வரவில்லை. யாரும் வரப்போவதில்லை, குறித்த நேரம் மட்டும் வந்துவிடும் என்பது உறைத்தபோது அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. அந்தக் குழந்தை மேல் அவருக்கு உயிர்.

ஓடிப்போய் முதலில் வந்த வண்டிக்குக் கை காட்டினார். உள்ளூர்ச் சவுரியப்பனின் தக்காளி வண்டி.

"முன்னாடி பொம்பளைங்க இருக்காங்கண்ணா. பின்னாடி ஏறிக்கிறீங்களா?"

கை இல்லாத நாற்காலியில் உட்காராதவர் தக்காளிப் பெட்டி மேல் உட்கார்ந்து போனார்.

காது குத்து நடந்த கோயிலின் வாசலிலேயே அழுகை கேட்டது. வெண்மதி மாதம்மாளின் மடியில் இருந்தாள். இடது காது குத்தியாகிவிட்டது. குழந்தை போட்ட ஆட்டத்தில் ஆசாரி வலது காதுக்கு வழியில்லாமல் ஊசியைப் பிடித்தபடி இருந்தார். தக்காளிச் சாறு வழிந்த வேட்டியோடு நின்றவரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாங்க மச்சான். மார்க்கெட்டுல லேட்டாயிருச்சுங்களா?" என்றார் வீரமணி. தப்பிக்க நல்ல வழி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மரியாதை முழுசாக மிஞ்சும்.

"இல்லீங்க மாப்ள" என்றார் பச்சியப்பன். "நீங்க மறுபடி கூப்புட வருவீங்கன்னு வூட்டுல குந்தியிருந்தேன்."

கலைமணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பச்சியப்பன் போய் மாதம்மாளுக்கு முன்னால் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"மாதம்மா, இன்னொரு காதையாவது எனக்குக் குடு."

மாதம்மாள் குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். வெண்மதி மாமன் முகத்தைப் பிறாண்டி, புது வேட்டியில் தக்காளி படாமல் மிச்சமிருந்த இடத்தை நனைத்தாள். ஆசாரி வலது காதைக் குத்தி முடிக்கும் வரை பச்சியப்பன் அசையவில்லை.

வெண்மதி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஆல்பத்தை எடுத்து வந்து மாமன் மடியில் உட்கார்ந்துகொள்வது அவள் வழக்கம். போன வாரம், அத்தை மடியில் அவள் இருக்கும் ஒரு படத்தைத் தொட்டுக் கேட்டாள்.

"இந்தக் காது குத்தும்போது நீ எங்க இருந்த மாமா?"

ஆயிரம் சாக்குச் சொல்லத் தெரிந்த மனிதர்தான் அவர்.

"நாற்காலியில குந்தியிருந்தேன் கண்ணு" என்றார்.