மஞ்சப்பையில் நாற்பத்து மூன்று பேர்

நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி இருக்கும் அந்தக் கல்லூரியின் மைதானக் கேட்டில் முனீஸ்வரி காவலுக்கு நிற்க ஆரம்பித்து ஆறு வருஷம். அதற்கு முன்னால் எட்டு வருஷம் பரவை மார்க்கெட்டில் முருங்கைக்காய் விற்றாள். கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே எத்தனை காய் என்று சொல்வாள். ஒன்று குறைந்தால் கொண்டுவந்தவன் முகத்தைப் பார்ப்பாள். அவன் வாயைத் திறக்காமல் இன்னொன்றை எடுத்துச் செருகிவிட்டுப் போவான். அப்பேர்ப்பட்ட கை.

கல்லூரிப் பையன்களைப் பற்றி அவளுக்குப் பெரிய மதிப்பு ஒன்றும் கிடையாது. அதிலும் விடுதிப் பையன்கள் என்றால் முற்றிப்போன வெண்டைக்காயைப் பார்ப்பது மாதிரிதான் பார்ப்பாள். கால்பந்துப் போட்டிக்கு அவர்களுக்கென்று தனி கேலரி, ஓசி டிக்கெட். மூன்று ஆட்டத்துக்கு வந்ததாக டிக்கெட்டில் பதிவானால் போதும், மதுரைக்குள் நடக்கும் இறுதி ஆட்டத்துக்குத் தனி பஸ், பனியன், பிரியாணி, அதோடு இரண்டு நாள் வகுப்புக்கு வந்ததாகவும் கணக்கு. பையன்களுக்கு வேண்டியது பிரியாணியும் அந்த இரண்டு நாளும். இடையில் ஒரு பந்து உருண்டுகொண்டிருந்தது அவர்களுக்கு வெறும் இடைஞ்சல்.

அந்த இடைஞ்சலை ஒழிக்க அவர்கள் பட்ட பாட்டைப் படிப்பில் பட்டிருந்தால் நாகமலை முழுக்க டாக்டர்களாகவே முளைத்திருப்பார்கள். முதலில் காகிதச் சீட்டு இருந்தது. ஒருவனே பத்துப் பேர் சீட்டைக் கிழிக்கக் கொடுத்தான். அப்புறம் செல்போனில் டிக்கெட் வந்தது. அதைப் படம் பிடித்து ஒருத்தனுக்கே அனுப்பினார்கள். கல்லூரியும் விடவில்லை, போன் டிக்கெட்டில் தெரியும் கறுப்பு வெள்ளைக் கட்டம் அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் மாறும்படி செய்தது. படம் செல்லாது, போனே வந்தாக வேண்டும்.

சரி, போனே வரட்டும் என்றான் மெர்வின்.

மெர்வின் மூன்றாம் வருஷம். பிறந்ததிலிருந்து பந்தை உதைத்ததில்லை. ஒரு தடவை பந்துதான் அவனை உதைத்தது. ஆட்டத்தன்று மதியம் விடுதி முழுக்கச் சுற்றிப் போன்களை ஒரு மஞ்சப்பையில் வாங்கிப் போட்டுக்கொள்வான். கேட்டில் நிற்கும் மிஷினில் ஒவ்வொன்றாகக் காட்டுவான், பச்சை விளக்கு எரியும், உள்ளே போய் மறு வழியாக விடுதிக்குத் திரும்புவான். அந்த இருபது நிமிஷமும் போனைக் கொடுத்தவர்கள் விடுதி வாசலில், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் மாதிரி, கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். அந்த நேரத்தில் நடந்தே வந்து ஆட்டத்தைப் பார்த்திருக்கலாம் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது ஆட்டம் முடிந்த மறுநாள் உடற்கல்வி இயக்குநர் ஜெரால்ட் முனீஸ்வரியைக் கூப்பிட்டுவிட்டார்.

"மிஷின் நாப்பத்தி மூணு பேர் உள்ள போனதா சொல்லுது. கேலரியில யாரு இருந்தா தெரியுமா? ஒரு வெள்ளாடு."

"அது கடைசி வரைக்கும் இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு."

"அதுக்காச்சும் புத்தி இருக்கே."

"வெளையாடாத முனீஸ்வரி. நீ பயலுகளுக்கு ஒத்தாசை பண்றேன்னு ஆபீஸ்ல பேச்சு வந்துருச்சு. சனிக்கிழமை மூணாவது ஆட்டம். மிஷின் சொல்ற தலை கேலரியில இல்லேன்னா நீ கேட்டுல இருக்க மாட்ட. நான் சொல்லியும் கேக்க மாட்டாங்க."

"பச்சை எரிஞ்சா விடச் சொன்னீங்க, விட்டேன். போனுக்குப் பின்னாடி மனுசன் இருக்கானான்னு பாக்கச் சொல்லலையே?"

"இப்பச் சொல்றேன். பாரு."

வேலை போகிறது என்பதைக்கூட முனீஸ்வரி பொறுத்துக்கொண்டிருப்பாள். வெண்டைக்காய்ப் பயல்களுக்கு அவள் ஒத்தாசை என்று பேர் வந்ததுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. ஒரு கட்டு முருங்கைக்காயில் ஏமாறாதவள் ஒரு மஞ்சப்பையில் ஏமாந்தாள் என்றால் பரவையில் தலைகாட்ட முடியுமா?

சனிக்கிழமை நாலு மணி அடிக்கச் சற்று முன்னால் மெர்வின் பையோடு வந்தான்.

"என்னக்கா, சாப்ட்டாச்சா?"

"ஆச்சு ராசா. பை கனமா இருக்கும்போல, குடு பிடிக்கிறேன்." வாங்கி ஒரு தடவை கையில் ஏற்றி இறக்கினாள். "நாப்பத்தி மூணு. ரெண்டு பழைய மாடல்."

மெர்வின் பையைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினான். "அக்கா, பசங்க பின்னாடி வாராய்ங்க..."

"வரட்டும். பை இங்கேயே இருக்கும்."

சனிக்கிழமை நாலு மணி என்பது விடுதிப் பையன்களை அம்மாமார்கள் கூப்பிடும் நேரம். அதை மெர்வினும் மறந்துவிட்டான், முனீஸ்வரிக்கும் தெரியாது. திடீரென்று பை மொத்தமும் பாட ஆரம்பித்தது. பக்திப் பாட்டு, குத்துப் பாட்டு, குழந்தை அழுகிற சத்தம், கோழி கூவுகிற சத்தம். திருவிழாவுக்கு நாலு பக்கமும் குழாய் கட்டியது மாதிரி இருந்தது. மைதானத்தில் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தவன் நின்று திரும்பிப் பார்த்தானாம். முனீஸ்வரி கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்தாள்.

"ஏலே முகேஷு, சாப்ட்டியாடா?"

"நான் கேட்டு வாட்ச்மேன் பேசுறேன்க்கா. ஒங்க மகன் போன் மட்டும் மேட்ச் பாக்க வந்திருக்கு. மகன் வரலை."

"போன் எப்படித்தா மேட்ச் பாக்கும்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

முகேஷின் அம்மா அழகம்மாள் மகனைத் திட்டிய திட்டில் போன் சூடாகிவிட்டது. முனீஸ்வரி அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததையும் எடுத்தாள். ஐந்தாவது போனை எடுப்பதற்குள் மெர்வின் அழாத குறையாகக் கும்பிட்டான்.

"அக்கா, என்னதான்க்கா வேணும் ஒங்களுக்கு?"

"ஆளு வேணும். ஓடிப் போய்ச் சொல்லு. ஒவ்வொருத்தனா வந்து, அவனவன் போனை மிஷின்ல காட்டிட்டு, திரும்ப இந்தப் பையிலயே போட்டுட்டுக் கேலரியில உக்காரணும். ஆட்டம் முடிஞ்சாத்தான் போனு. அதுக்குள்ள எந்த அம்மா கூப்பிட்டாலும் நான் எடுத்துப் பேசுவேன்."

மெர்வின் ஓடினான். அந்தக் கல்லூரியின் சரித்திரத்தில் விடுதிப் பையன்கள் அன்றைக்கு ஓடிய மாதிரி விளையாட்டு விழாவில்கூட யாரும் ஓடினதில்லை. லுங்கியோடு ஒருத்தன், தலையில் ஷாம்பு நுரையோடு ஒருத்தன், வாயில் பிரஷ்ஷோடு ஒருத்தன். சாயங்காலம் நாலு மணிக்கு எதற்குப் பல் விளக்கினான் என்று முனீஸ்வரி கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், அதையும் கேட்கவேண்டி இருக்கும்.

கேலரியில் நாற்பத்து மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று ஒருத்தனுக்கும் தெரியவில்லை. பாதிப் பேர் வெறும் உள்ளங்கையைப் பார்த்துக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளாடு மட்டும் வழக்கமான இடத்தில் படுத்து ஆட்டத்தைக் கவனித்தது.

"மாப்ள, நம்ம டீம் எந்தக் கலர்டா?" என்று கேட்டான் சங்கிலி என்கிற பையன்.

"மஞ்சளா இருக்கும்டா. நம்ம பஸ்ஸு மஞ்சதானே."

ஜெரால்ட் வந்து கேலரியில் ஒவ்வொரு தலையாக எண்ணினார். மிஷினைப் பார்த்தார். மறுபடி எண்ணினார். "நாப்பத்தி மூணு. எப்படிம்மா?"

"பச்சை எரிஞ்சுச்சு, விட்டேன் சார்."

"இனிமே இந்தக் கேட்டை விட்டு ஒன்னைய எவனும் நகட்ட முடியாது" என்று அவர் சொல்லி வாயை மூடவில்லை, மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் பந்தை வலைக்குள் அடித்தான். கேலரி முழுக்க எழுந்து விசிலடித்தது. மெர்வின் முன்னால் வந்து குட்டிக்கரணமே போட்டான். மைதானத்தில் நீலச் சட்டை போட்டிருந்த அவர்கள் கல்லூரிப் பையன்கள் இடுப்பில் கை வைத்து, பெற்ற தகப்பனே சாபம் கொடுத்தது போல, கேலரியைப் பார்த்து நின்றார்கள். ஜெரால்ட் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுத் தூணில் சாய்ந்தார்.

பைக்குள் இன்னொரு போன் அடித்தது. முனீஸ்வரி எடுத்தாள். அழகம்மாள்தான், மறுபடியும்.

"யத்தா, எங்க முகேஷு இப்ப எங்கே?"

"இங்கனதான்க்கா. உக்காந்து மேட்ச் பாத்துக்கிட்டு இருக்கான்."



"நிசமாவா? போன் இல்லாமயா? ஏந்தாயி, அவனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

முனீஸ்வரி கேலரியைத் திரும்பிப் பார்த்தாள். முகேஷ் எதிரணி போட்ட கோலுக்கு இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தான்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லக்கா" என்றாள்.

புத்தியைப் பற்றி அழகம்மாள் கேட்கவில்லை. பெற்றவள் அல்லவா, போகப் போகத் தானே தெரிந்துகொள்வாள்.