ஆப்பிள் கிரிஸ்ப்பும் சாத்திய ஜன்னலும்

ரொட்டி வேகும் வாசனை வந்தால் எனக்கு அந்த ஐப்பசி மழைதான் நினைவு. ராயப்பேட்டையில் எங்கள் மாடிக்குக் கீழே ஒரு பேக்கரி. முட்டை வாடை என்று பத்து வருஷமாய் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தவள் நான்.

கனடாவில் வேலை பார்க்கும் மகள் லீவு முடிந்து அன்று மாலை திரும்ப விமானம் ஏற வேண்டும். "அங்க குளிர் ஆரம்பிச்சா எல்லார் வீட்லயும் ஆப்பிள் கிரிஸ்ப்தாம்மா. நான் மட்டும் கடையில வாங்கித் தனியா சாப்பிடுவேன்" என்றிருந்தாள். ஆப்பிளை நறுக்கிப் பட்டை தூவி, மேலே வெண்ணெயில் பிசிறிய ஓட்ஸும் வெல்லமும் பரப்பினேன். ஓவனில் வைத்ததும் கரண்ட் போனது.

தட்டோடு கீழே இறங்கினேன். பேக்கரிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஜன்னல சாத்துற அக்கா தானே நீ?"

கூசிப்போய்த் தலையாட்டினேன். மகள் சாயங்காலம் ஊருக்குக் கிளம்புகிறாள், ஓவனில் வைத்ததும் கரண்ட் போய்விட்டது என்று தட்டை நீட்டினேன்.

"ரொட்டிய இப்பத்தான் எடுத்தேன். விறகடுப்பு சூடு தணிஞ்சுக்கினு கீது, இதுக்கு அதான் கரெக்டு. முட்டை போட்டது எதுவும் உள்ள இல்ல, பயப்படாத."

அரைமணியில் ஓரமெல்லாம் பாகு கொதிக்க, மேலே பொன்னாய் மொறுமொறுத்து வந்தது. நான் செய்தது அது. இன்றைக்கும் நினைத்தால் கர்வமாக இருக்கிறது, அடுப்பு அவருடையது என்பதையும் சேர்த்தே.

அவருக்கு ஒரு விள்ளல் கொடுத்தேன். மென்றுகொண்டே தட்டைச் செய்தித்தாளில் சுற்றித் தந்தார்.

"பாப்பாவுக்கு சூடா குடு. மழ விட்டுச்சு, ஜன்னல தொறந்து வச்சுக்கினு சாப்பிடுங்க."