விமானத்தின் கீழே இருந்த பெயர்

கல்லூரியில் படித்தபோது, திருநகர் வீட்டு மாடியில் உட்கார்ந்து, உள்ளங்கை அளவுள்ள பிளாஸ்டிக் போர் விமானத்துக்கு விமானியின் இருக்கையை நானே செய்து பொருத்தினேன். அதன் சீட் பெல்ட் நூல் மாதிரி இருக்கும்.

“காலேஜ் கண்காட்சியில வச்சிட்டுத் தாரேன் மாப்ள” என்று நண்பன் செந்தில் வாங்கிப் போனான்.

போய்ப் பார்த்தால், விமானத்தின் கீழே அவன் பெயர் இருந்தது. நடுவர் குனிந்து, “இம்புட்டு நுணுக்கமா இருக்கே, பெல்ட்ட எதுல செஞ்ச?” என்று அவனைக் கேட்டார். செந்தில் விழித்தான். கூட்டத்தில் என்னைக் கண்டதும் கண்ணாலேயே கெஞ்சினான்.

“டூத்பேஸ்ட் ட்யூப் தகடு சார்” என்றேன்.

“இவன் எனக்கு ஒத்தாசைக்கு இருந்தான் சார்” என்று சிரித்தபடி என் தோளில் கைபோட்டான் செந்தில். பரிசும் அவனுக்கே கிடைத்தது.

விமானத்தை நான் திரும்பக் கேட்கவில்லை. தோளில் விழுந்த அந்தக் கையின் கனத்தைத்தான் இன்னும் இறக்கிவைக்க முடியவில்லை.