இரட்டைக் குழலுக்கு இரண்டு பொட்டு

துவக்கு, அதாவது துப்பாக்கி, திருத்துகிற தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: பழுது சாமானிலா, ஆளிலா என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. இதைப் படிக்கிற, ரேடியோவும் தையல் மெஷினும் திருத்துகிற உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். ஆனால் அங்கே யாரும் சாவதில்லை.

பன்னிக்குத் தெரியாதா?

என் கடை மலைநாட்டுக் கினிகத்தேனையில். நோட்டன் பிரிட்ஜ் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியசாமி, காட்டுப்பன்றியிடமிருந்து மரவள்ளியைக் காக்க லைசன்ஸ் எடுத்த ரெட்டைக்குழல் துவக்கு வைத்திருந்தார். மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த குறிக்கண்ணாடியை அதில் பூட்டித் தந்தேன். உள்ளே பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளி நிற்கிற இடத்துக்கு வெடி போகும். அவர் அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்துவிட்டார்.

மறு வாரமே கோபமாக வந்தார், மனைவி லெட்சுமியோடு. பொட்டு பன்றிமேல் விழவே இல்லையாம். சினிமாவில் ஆள்மேல் விழுகிற சிவப்பு வெளிச்சம் வேறு, இது சுடுகிறவர் கண்ணுக்கு மட்டும்தான் என்றேன்.

"அப்ப பன்னிக்குத் தெரியாதா? நெத்தியில வெளிச்சத்தக் கண்டா ஓடிரும்னுதானே பூட்டச் சொன்னேன்!"

ரெட்டைக்குழல் கணக்கு

சிரிப்பை அடக்கிக்கொண்டு, பொட்டு சரியாக நிற்கிறதா பார்க்கச் சொன்னேன். தோட்டா இல்லாத துவக்கை வெளியே நின்ற மரத்துக்கு நீட்டினார்.

"ரெண்டும் நல்லா நிக்கிதுங்க."

"எது ரெண்டு?"

"பொட்டுதாங்க. ரெட்டைக் குழலுக்கு ரெண்டு பொட்டுதானே?"

நான் வாங்கிப் பார்த்தேன், ஒன்றுதான். ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன். அவருக்கு அப்போதும் இரண்டு. கண் டாக்டரைப் பாருங்கள், அதுவரை துவக்கைத் தொடாதீர்கள் என்றேன். கண் மோசம் என்று எழுதிவிட்டால் லைசன்ஸ் போய்விடும், மரவள்ளி முழுக்கப் பன்றிக்குத்தான் என்றார். எனக்குப் பயமாகிவிட்டது. குறிக்கண்ணாடி இல்லாவிட்டால் சுடத் துணியமாட்டார் என்ற எண்ணத்தில், "அப்ப பொட்டையாவது கழட்டிர்றேன்" என்று கையை நீட்டினேன். பக்கத்தில் நின்ற லெட்சுமி, பதறிப்போய் நெற்றியைத் தொட்டுக்கொண்டார்.

"ஐயோ அண்ணே, வெள்ளிக்கெழமையும் அதுவுமா பொட்டக் கழட்டுறேன்னு வாயால சொல்லாதீங்க!"

கறுப்புப் படங்கு

அதையே சாக்காக வைத்து, பெரியசாமி துவக்கைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த முறை வந்தபோது வெறுங்கை. துவக்கைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டாராம். கொடுத்த தேத்தண்ணியைத் தள்ளி வைத்துவிட்டு நடந்ததைச் சொல்லத் தொடங்கினார்.

அன்று காலையில் நல்ல பனிமூட்டம். மரவள்ளிக்குள் கறுப்பாக ஏதோ குனிந்து கிளறியிருக்கிறது. துவக்கை நீட்டிவிட்டார். அங்கே இருந்தது லெட்சுமி. தூறலுக்குக் கறுப்பு பிளாஸ்டிக் படங்கைப் போர்த்திக்கொண்டு, பன்றி தின்று மிச்சம் வைத்த கிழங்கைப் பொறுக்கப் போயிருக்கிறார். மீதியைப் பெரியசாமி இப்படிச் சொன்னார்.

"ரெண்டு பொட்டுல எத அது மேல வைக்கிறதுன்னு தெரியாம நின்னேங்க. அதுக்குள்ள அவ பன்னியத் திட்டிக்கிட்டே நிமிந்துட்டா."

யாருக்கும் குறி தவறக் கூடாது என்றே காலமெல்லாம் உழைத்த நான், ஒரு பழுதான கண்ணுக்கு மனசார நன்றி சொன்னது அன்றுதான்.