ஒரே மைக்கில் நானும் சாமியும்

என்னை நானே “நாயே” என்று திட்ட வேண்டும். அன்றைக்கு எனக்குக் கொடுத்த வேலை அம்புட்டுத்தான். கழுத்தில் மாலை கிடந்ததால் அது முடியாமல் போனது.

மைக் முன்னால் நின்று பிழைக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு உபயோகப்படட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் ஒன்பதாவது வரைக்கும்தான் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. பேரில்லாத குரல்

மதுரையில் பழைய இரும்பு வாங்கும் ஆட்டோ போகும். கல் உப்பு விற்கும் வண்டி போகும். ஜவுளிக்கடைத் தள்ளுபடியை அலறிக்கொண்டு வேன் போகும். அதில் பாதிக்குப் பாதி என் குரல்தான். சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் இருக்கும் பாண்டி அண்ணன் ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் இருபத்தேழு வருடமாக இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். என் குரல் போகாத தெரு கிடையாது. ஆனால் அது தவமணியின் குரல் என்று தெரிந்தவர்கள் எங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருந்தால் அதிகம். உப்பு விற்கிறவர் பேரையே யாரும் கேட்பதில்லை, உப்பு விற்கிற குரலின் பேரை யார் கேட்பார்கள்?

எனக்கு அதில் ஒரு குறை இருந்தது. சாமி கும்பிடும்போது கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்ட குறை.

போன வருடம் ஐப்பசியில் பாண்டி அண்ணன் மூச்சிரைக்க வந்து சொன்னார்.

“மாப்ள, சென்னைக் கம்பெனி ஒண்ணு செல்போன்ல கேக்குற நாடகம் எடுக்குது. பன்னெண்டு பாகம். முதல் பாகத்தை நம்மகிட்ட குடுத்துப் பாக்குறாங்க. கடைசில பேரெல்லாம் படிப்பாங்கடா!”

“என் பேரையுமாண்ணே?”

“பின்ன என் பேரையா? நீதானப்பா பேசப் போற. அதுவும் ரெண்டு வேசம்!”

கதை இதுதான். ஒரு விஞ்ஞானி காலத்தில் பின்னால் போகும் எந்திரம் செய்கிறார். அதனால் முப்பது வருடம் படாத பாடு படுகிறார். கிழவரான பிறகு அதே எந்திரத்தில் ஏறிப் பின்னால் வந்து, எந்திரத்தின் பட்டனை முதல் தடவையாக அழுத்தப்போகும் தன்னையே தடுக்கப் பார்க்கிறார். இளைஞனும் நான், கிழவரும் நான். முதலில் இளைஞனின் வசனத்தை ஒரு டிராக்கில் எடுத்துவிடுவார்கள். பிறகு அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே கிழவராக நான் பதில் பேச வேண்டும்.

இளைஞன் டிராக்கை ஐப்பசி முடிய ரெண்டு நாள் இருக்கும்போது எடுத்தோம். “யாருடா நீ, கெழட்டு நாயே! என் ரூமுக்குள்ள எப்படிடா வந்த?” என்று கத்தினேன் பாருங்கள், கீழே டீக்கடையிலிருந்து மேலே எட்டிப் பார்த்தார்கள். பாண்டி அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

கார்த்திகை முதல் தேதி நான் மாலை போட்டுவிட்டேன்.

2. ஷூ சத்தம்

மாலை போடுவது எனக்கு விளையாட்டுக் காரியம் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் தொண்டை வீங்கி மூன்று மாதம் குரலே வரவில்லை. ஐயப்பனிடம் வேண்டிக்கொண்டேன், வந்தது. அன்றிலிருந்து வருடம் தவறாமல் நாற்பத்தெட்டு நாள் விரதம். காலில் செருப்பு கிடையாது, வாயில் கெட்ட வார்த்தை கிடையாது. எதிரில் யார் வந்தாலும் சாமி. பெண்கள் மாளிகைப்புரம். பாண்டி அண்ணனும் அந்த நாற்பத்தெட்டு நாளும் என்னை மாப்ள என்று கூப்பிட மாட்டார், சாமிதான்.

கிழவர் டிராக் எடுக்க, நாடகத்தை எழுதி இயக்கும் நிவேதா என்ற பெண் சென்னையிலிருந்து வந்தது. என் மகள் வயதுதான் இருக்கும். வந்ததும், “வணக்கம் சார்” என்றது. “சாமி சரணம், மாளிகைப்புரம்” என்றேன். கொஞ்சம் திகைத்துவிட்டு, அன்று முழுக்க அதுவும் என்னைச் சாமி என்றே கூப்பிட்டது.

முதலில் கிழவர் நடந்து வரும் சத்தம் எடுக்க வேண்டும். ஷூ போட்டு நடக்க வேண்டும்.

“நான் போட மாட்டேன் சாமி” என்றேன் பாண்டி அண்ணனிடம்.

“காலுக்குத்தான சாமி வேணாம்? கையில மாட்டிக்கிறேன், பாருங்க” என்று சொல்லிவிட்டு, அந்தக் கனத்த உடம்போடு தன் ஷூவைக் கைகளில் மாட்டிக்கொண்டு மைக்குக்குக் கீழே நாலு காலில் நடந்தார்.

நிவேதா கண்ணை மூடிக் கேட்டது. “சார், அவர் டைம் மெஷின்ல வர்றாரு. குதிரைல வரல.”

ஷூ சத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வசனத்துக்குப் போனோம். ஹெட்போனை மாட்டினேன். காதுக்குள் நானே கத்தினேன்: “யாருடா நீ, கெழட்டு நாயே!”

“நாயே, கையை எடுடா அந்தப் பட்டன்லேர்ந்து!” என்று நான் பதிலுக்குக் கத்த வேண்டும். வாய் தன்னாலே, “கோவப்படாதீங்க சாமி” என்றது.

“கட்!”

ரெண்டாவது டேக்கில், “சாமி சரணம்” என்று ஆரம்பித்துவிட்டேன். மூன்றாவதில் “நா… நா…” என்று நின்றுவிட்டேன். பாண்டி அண்ணன் யோசனை சொன்னார்.

“நாயின்னு சொல்ல வாய் வரலேன்னா பன்னின்னு சொல்லுங்களேன் சாமி.”

“அதுவும் ஒரு உயிருதான சாமி?”

“எருமை?”

“சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்றது நிவேதா.

பதினோரு டேக் போனது. நிவேதா கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மணியைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னது: “எனக்கு ரெண்டு மணிக்கு ட்ரெயின் சாமி. கிழவர் கோபப்படலேன்னா கதையே இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே குரலா இருக்கணும்ங்கிறதால, இளைஞனையும் சேத்துச் சென்னைலயே வேற ஒருத்தர வெச்சு எடுத்துடுவோம். உங்க மேல தப்பில்ல. விரதம் முக்கியம்.”

அப்படியானால் பன்னிரண்டு பாகமும் போச்சு. பாண்டி அண்ணன் முகம் சுருங்கிப்போனது. கடைசியில் படிக்கப்போகும் பேரும் போச்சு. இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாகக் கிட்டே வந்த பேர். ஒரே ஒரு தடவை “நாயே” என்று சொன்னால் இருக்கும். ஆனால் என் குரலைத் திருப்பிக் கொடுத்த ஐயப்பனிடம் நான் கொடுத்த வாக்கு என்ன ஆவது?

“அஞ்சு நிமிசம் குடுங்க மாளிகைப்புரம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

3. குருசாமிக்கு போன்

எங்களுக்கு மாலை போட்டுவிடும் குருசாமி என்னைவிடப் பத்து வயது இளையவர். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கடை. காலை நேரத்தில் அவரைப் பிடிப்பதே பெரும்பாடு.

“சொல்லுங்க சாமி! சத்தமாச் சொல்லுங்க, இங்க மல்லி ஏலம் போய்க்கிட்டு இருக்கு!”

“சாமி, ஒரு ஆளைத் திட்டணும்.”

“ஆரை?”

“என்னையத்தான் சாமி. ஆனா முப்பது வயசு கம்மி.”

குருசாமியின் குரல் இறங்கியது.

“சாமி, காலைல ஏதும் சாப்பிட்டீகளா?”

எந்திரம், பட்டன், டிராக் எல்லாவற்றையும் விளக்கினேன். பக்கத்தில் யாரோ “கிலோ எம்புட்டுண்ணே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். குருசாமி கடைசியில் சொன்னார்:

“அந்த இளவட்டமும் நீங்கதான?”

“ஆமா சாமி. ஆனா அது மாலை போடுறதுக்கு முந்தி எடுத்தது.”

“முந்தியோ பிந்தியோ, எதுக்க நிக்கிறவரு நமக்குச் சாமி. கண்டிக்கணும்னா கண்டிங்க, தப்பில்ல. சாமின்னு கூப்பிட்டுக் கண்டிங்க. சரி, வைக்கிறேன், மல்லி போயிருச்சு!”

அம்புட்டுத்தான். இதற்கு மேல் விளக்கம் கேட்க முடியாது. மல்லி போய்விட்டது.

4. பன்னிரண்டாவது டேக்

உள்ளே போனேன். “ஒரு தடவை நான் போற போக்குல போகட்டும் மாளிகைப்புரம், நிப்பாட்டாதீங்க” என்றேன். நிவேதா தலையாட்டியது. ஹெட்போனில் இளைஞன் கத்தினான்.

“யாருடா நீ, கெழட்டு நாயே! என் ரூமுக்குள்ள எப்படிடா வந்த?”

“சாமி, கைய எடுங்க சாமி.”

“போடா வெளிய!”

“போறேன் சாமி. போறதுக்குத்தான் வந்தேன். மொதல்ல கைய எடுங்க. அறிவிருக்கா சாமி ஒங்களுக்கு? படிச்சவருதான நீங்க? பட்டன்னா ஒடனே அமுக்கணுமா சாமி? முப்பது வருசம் நான் பட்டது ஒங்களுக்குத் தெரியுமா? எடுங்க சாமி! எடுத்துத் தொலைங்க சாமி!”

கண்ணாடிக்குப் பின்னால் நிவேதா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டது. பாண்டி அண்ணன் தோள் குலுங்கியது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. அவனுடைய அந்தத் திமிர்க் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். அதே குரலில் எத்தனை பேரை நான் திட்டியிருக்கிறேன், வீட்டில் பெண்டாட்டி செல்வியை எத்தனை தடவை!

ஹெட்போனில் இளைஞனின் கடைசி வசனம் வந்தது: “நீ நானில்ல! நான் ஒருநாளும் ஒன்ன மாதிரி ஆக மாட்டேன்!”

மாலை போட்டவர்கள் ஒருவர் காலில் ஒருவர் விழுவோம். சின்னவர் பெரியவர் பார்ப்பதில்லை. எனக்கு அந்த இடத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. “ஒங்க கால்ல விழுறேன் சாமி” என்று விழுந்துவிட்டேன். முழங்கால் தரையில் இடித்தது. வயர் இழுத்ததில் ஹெட்போன் கழன்று விழுந்தது. தேம்பல் வந்தது, அடக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழே தெருவிலிருந்து,

“பழைய இரும்பு… பழைய பேப்பர்… ஒடைஞ்ச பிளாஸ்டிக் சேரு… கொண்டாங்க, கொண்டாங்க…”

பாண்டி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார். “யோவ், ஆஃப் பண்ணுய்யா!”

நிவேதா மெதுவாக எழுந்து கேட்டது. “இது யாரு?”

தரையில் கிடந்தபடியே சொன்னேன். “அதுவும் நான்தான் மாளிகைப்புரம்.”

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுத கண்ணோடு சிரித்தேன். அண்ணன் ஜன்னலில் தொங்கிக்கொண்டு சிரித்தார்.

“யாரும் இதைத் தொடாதீங்க” என்றது நிவேதா. “சத்தம் போட்டாத்தான் கோபம்னு எழுதி வெச்சிருந்தேன். இது அதைவிடப் பெரிய கோபமா இருக்கு. மூணு பேரும் அப்படியே இருக்கட்டும், இரும்புக்காரரும் சேத்து.”

“ஆனா கெழவரு ஏன் சாமி சாமிங்கிறாருன்னு கேப்பாங்களேம்மா?” என்றார் அண்ணன்.

“மாலை போட்டிருக்காரு, அதான்” என்றது நிவேதா. உடனே மைக் முன்னால் வந்து, கால எந்திரத்தின் குரலில் தானே ஒரு வசனம் பேசியது: “எச்சரிக்கை. எச்சரிக்கை. பயணி மாலை அணிந்துள்ளார்.”

மாலை போட்டவர் என்றால் ஷூ எதற்கு? நான் வெறுங்காலோடு நாலு அடி நடந்தேன். ஒரே டேக்கில் ஓகே. அண்ணன் தன் ஷூவைத் திரும்பவும் காலில் மாட்டிக்கொண்டார்.

நிவேதாவுக்கு ட்ரெயின் கிடைத்தது. பன்னிரண்டு பாகமும் எங்கள் ஸ்டூடியோவுக்குக் கிடைத்தது.

5. பேர் படித்தார்கள்

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய பிறகு, தை மாதம் நாடகம் வெளியானது. நானும் செல்வியும் அடுப்படியில் உட்கார்ந்து, சத்தம் கூடுதலாகக் கேட்க செல்போனைச் சில்வர் செம்புக்குள் வைத்துக் கேட்டோம். கிழவர் காலில் விழும் இடத்தில் செல்வி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். இரும்புக்காரர் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் பேர் படித்தார்கள்.

“இளைஞராக, தவமணி. முதியவராக, சாமி.”

செல்வி என்னைப் பார்த்தாள். நான் செம்பைப் பார்த்தேன்.

சாயந்தரம் பாண்டி அண்ணன் போன் செய்தார். “மாப்ள, தப்பு என்னோடதுடா. ஐப்பசில எடுத்த ஃபைலுக்குத் தவமணின்னு பேரு போட்டேன். கார்த்திகைல எடுத்ததுக்கு, ஒன்னய நான் கூப்பிடுற மாதிரியே சாமின்னு போட்டுட்டேன். ரெண்டு பேருன்னு நெனச்சு அங்க படிச்சுட்டாங்க. கேட்டவங்க எல்லாம் பெரியவரு பிரமாதம், இளைஞருதான் கொஞ்சம் கத்துறாருன்னு எழுதுறாங்க. மாத்தச் சொல்லவா?”

இருபத்தேழு வருடம் காத்திருந்த பேர். பாதிதான் வந்திருக்கிறது. செல்வியிடம் கேட்டேன்.

“மாத்தாதீங்க” என்றாள். “நானும் ரெண்டு பேரோடதான குடும்பம் நடத்துறேன். கார்த்திகை மார்கழில ஒருத்தரு, மத்த மாசமெல்லாம் இன்னொருத்தரு. எனக்கும் அந்தப் பெரியவரைத்தான் பிடிச்சிருக்கு.”

“வேணாம்ணே, அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டேன்.

பங்குனியில் ரெண்டாம் பாகம் எடுத்தார்கள். அதிலும் கிழவர் வருகிறார். கழுத்தில் மாலை இல்லை. வசனம் தாளில் இருக்கிறது, “சாமி” என்றும் எழுதியிருக்கிறது, ஆனால் வந்தது இளைஞனின் குரல்தான். நாலு டேக் போன பிறகு செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்து நின்றேன். ஐந்தாவதில் பெரியவர் வந்துவிட்டார்.

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். யாரைத் திட்டும் வசனமானாலும், எதிரில் நிற்பவரை ஒரு தடவை மனதுக்குள் சாமி என்று கூப்பிட்டுவிட்டுப் பேசிப் பாருங்கள். குரல் கத்தாமலே போய்ச் சேரும். இப்போதெல்லாம் நான் வீட்டில் குரலை உயர்த்தினால், செருப்பைக் கழற்றிவிட்டேனா என்று செல்வி என் காலைத்தான் பார்க்கிறாள்.