பதில் ஹாரன்

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். யாரையும் அதற்கு மேல் போக விடமாட்டார் என்பதால் முதுகுக்குப் பின்னால் ரெண்டாம் கியர் என்பார்கள். எனக்கு அவர் அத்தான். பக்கத்து வீட்டிலேயே குடியிருப்பதால் அவரை வாய்விட்டுத் திட்டும் உரிமையும் எனக்கு உண்டு. எங்கள் மலை ஊரில் இருந்த ஒரே டிரைவிங் ஸ்கூல் அவருடையது. ஸ்கூல் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு ரூம், எட்டுப் போட ஒரு மண் மைதானம், ஒரு கார். அந்தக் காரில் டிரைவருக்கு இருப்பது போலவே பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. அத்தானின் வாழ்க்கை முழுக்க அந்தப் பக்கத்து சீட்டில்தான் கழிந்தது.

அதனால் அவர் கால் அவர் பேச்சைக் கேட்காது. பஸ்ஸில் போனாலும் பிரேக் மிதிக்கும். பல் டாக்டரின் நாற்காலியில் படுத்தாலும் மிதிக்கும். அக்கா கோபமாகப் பேச ஆரம்பித்தால் சோபாவில் உட்கார்ந்தபடியே மிதிப்பார். அக்கா நிற்கமாட்டாள், அது வேறு விஷயம்.

ஊருக்குக் கீழே இறங்க ஒரே ரோடு. அதில் பாறை வளைவு என்று ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் எட்டிப் பார்த்தாலும் அடி தெரியாத பள்ளம். ஒரு லாரி அங்கே உருண்ட பிறகு அத்தான் ஒரு சட்டம் போட்டார். வளைவுக்கு அந்தப் பக்கம் ரோடு தெரியவில்லையென்றால் வண்டியை நிறுத்த வேண்டும். ஹாரன் அடிக்க வேண்டும். கீழேயிருந்து பதில் ஹாரன் வரும்வரை அசையக்கூடாது.

சட்டம் போட்டால் போதுமா, சோதனை வேண்டாமா? பனி மூடிய நாளாகப் பார்த்து, ஓரளவு தேறிய ஆளைக் காரோடு வளைவுக்கு மேலே விட்டுவிட்டு, தான் கீழே போய் நின்றுகொள்வார். கையில் ஒரு பழைய ரப்பர் ஹாரன். பந்தை அமுக்கினால் எருமைக்கு வயிற்றுவலி வந்த மாதிரி சத்தம் வரும். மேலேயிருந்து ஹாரன் கேட்டதும் அதை அமுக்க மாட்டார். "ரோடு காலி, வாங்க வாங்க" என்று தேன் ஒழுகக் கூப்பிடுவார். நம்பி வந்தால் ஃபெயில்.

"மலையில யார் குரல் எங்கேருந்து வருதுன்னே தெரியாது. அதனால யார் கூப்பிட்டாலும் வராதே. நானே கூப்பிட்டாலும் வராதே. ஹாரன்தான் பேசணும்" என்பார். இதில் தேறியவர்களைத்தான் லைசென்ஸ் டெஸ்டுக்கே அனுப்புவார்.

பேக்கரிக்காரர் தேறினார். பல் டாக்டர் தேறினார். பக்கத்தில் நிற்கும் ஆளைக்கூட அடையாளம் தெரியாத தபால்காரரும் தேறினார். என் அக்கா மட்டும் ஃபெயில். ஒரு தடவை அல்ல, நாலு தடவை. அத்தான் கூப்பிட்டதும் ஒவ்வொரு தடவையும் காரை எடுத்துக்கொண்டு நேராக வந்துவிட்டாள்.

"எத்தனை தடவை சொல்றது, நான் கூப்பிட்டா வரக்கூடாதுன்னு?"

"கூப்பிட்டீங்க, வந்தேன்."

"அதுதான் தப்பு."

"அப்ப கூப்பிடாதீங்க."

அக்கா அந்த ஊரில் பாதிப் பேரைவிட நன்றாக ஓட்டுவாள். ஆனால் சொந்தப் பெண்டாட்டிக்குச் சலுகை காட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று அத்தான் நெஞ்சை நிமிர்த்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் மழையே இல்லை. மேல் காட்டில் தீ பிடித்தது. யாரோ அணைக்காமல் போட்ட பீடி என்றார்கள், மின்னல் என்றார்கள். முதலில் அது தூரத்துப் புகைதான். நாங்களும் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தோம். மறுநாள் மத்தியானம் காற்று திரும்பியது. தெருவில் சாம்பல் விழ ஆரம்பித்தது. வனத்துறை ஜீப் மைக்கில் கத்திக்கொண்டே வந்தது: எல்லோரும் உடனே கீழே இறங்குங்கள், அடிவாரத்தில் ரோட்டை மறித்தாயிற்று, எதிரே எந்த வண்டியும் வராது.

ஊரே கிளம்பியது. அத்தான் மட்டும் பானெட்டைத் திறந்து ஆயில் பார்த்தார். தண்ணீர் பார்த்தார். ஒவ்வொரு டயரையும் உதைத்துப் பார்த்தார். "அத்தான், தீ வருது" என்றேன். "காத்து இல்லாத டயரோட போறது அதைவிட ஆபத்து" என்றார். பிறகு பயிற்சிக்கு வைக்கும் ஆரஞ்சுக் கூம்புகளை ஒன்று விடாமல் டிக்கியில் அடுக்கினார். பீரோவில் இருந்த அக்காவின் நல்ல புடவைகளுக்கு இடம் இல்லை என்றார். கடைசி வண்டி எங்களுடையதாயிற்று.

கொஞ்ச தூரம் போனதும் வரிசை நின்றுவிட்டது. முன்னால் ஊர் மொத்தமும் நிற்கிறது. புகை ரோட்டில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஒருவரும் கத்தவில்லை, முந்தவில்லை. அத்தான் பாடம் எடுத்த ஊர் இல்லையா. அவர் இறங்கி முன்னால் ஓடினார்.

பாறை வளைவில் முதல் வண்டியாகப் பேக்கரி வேன் நின்றதாம். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரே புகை. பேக்கரிக்காரர் ஹாரன் அடித்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்திருக்கிறார்.

"என்னய்யா நிக்கிறே?"

"பதில் வரலை மாஸ்டர்."

"எப்படி வரும்? ரோட்டைத்தான் கீழே மறிச்சிட்டாங்களே. எதிர்ல வண்டியே கிடையாது. போ."

பேக்கரிக்காரர் சிரித்திருக்கிறார். "நீங்க இப்படித்தான் சொல்வீங்க. இதுலதான் என்னை முதல் தடவை ஃபெயில் பண்ணீங்க."

அத்தான் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார். கெட்ட வார்த்தையில் திட்டிப் பார்த்தார். பேக்கரிக்காரர் அசையவில்லை. தீ வந்து நின்றாலும் இன்னொரு தடவை ஏமாறுவதாக இல்லை. அவருக்குப் பின்னால் இருந்த பல் டாக்டரும் ஜன்னலை இறக்கி, "அவர் சொல்றதுதான் சரி மாஸ்டர், ஹாரன்தான் பேசணும்" என்றாராம். தன் வாயால் போட்ட முடிச்சு தன் கழுத்திலேயே இறுகியதை அத்தான் அப்போதுதான் உணர்ந்தார்.

ரப்பர் ஹாரன் எங்கள் டிக்கியில், கூம்புகளுக்கு அடியில் கிடந்தது. மூச்சிரைக்க மேலே ஓடி வந்தார். கூம்புகளை எல்லாம் ரோட்டில் வீசி எறிந்து ஹாரனை எடுத்தார்.

"நான் கீழே நின்னு ஒவ்வொரு வண்டிக்கும் பதில் கொடுக்கணும். நீ ஓட்டிட்டு வா" என்றார் அக்காவிடம்.

"எனக்கு லைசென்ஸ் இல்லையே."

"இப்ப அதையா பேசறது?"

"நீங்கதானே வாங்க விடலை" என்று சொல்லிக்கொண்டே அக்கா டிரைவர் சீட்டில் ஏறினாள். அத்தான் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். ஹாரனோடு கீழே ஓடினார். நான் அவருடைய சீட்டில் உட்கார்ந்தேன். "காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கோ. ஒரு விரல்கூடக் கீழே வரக்கூடாது" என்றாள் அக்கா.

கீழேயிருந்து எருமைச் சத்தம் கேட்டது. பேக்கரி வேன் நகர்ந்தது. பிறகு டாக்டர் ஹாரன், எருமை. தபால்காரர் ஹாரன், எருமை. முன்னால் போனவருக்கு வந்த பதில் பின்னால் வருபவருக்குச் செல்லாது, அதுவும் அத்தான் சட்டம்தான். வரிசை ஒவ்வொரு வண்டியாகக் கரைந்தது.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். மேல் தெரு எரிந்துகொண்டிருந்தது. டிரைவிங் ஸ்கூலின் தகரக் கூரை காகிதம் போலச் சுருண்டு மடிந்தது. எரியும் பைன் காய்கள் சரிவில் உருண்டு வந்து, ரோட்டில் கிடந்த கூம்புகளுக்கு நடுவே விழுந்தன. எனக்குச் செத்துவிடுவோம் என்று பயம் வந்தது. அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்த கையைத் தளர்த்தவே இல்லை.

நாங்கள் வளைவுக்கு வந்தபோது முன்னால் ஒருவரும் இல்லை. புகையில் பானெட்டின் முனைகூடத் தெரியவில்லை. அக்கா ஹாரன் அடித்தாள்.

பதில் இல்லை.

மறுபடி அடித்தாள். கீழேயிருந்து காற்றுப் போன மாதிரி ஒரு புஸ் சத்தம் வந்தது. ஊர் முழுவதையும் இறக்கிவிட்ட ரப்பர் பந்து எங்கள் முறைக்குக் கிழிந்துவிட்டது. அதற்கப்புறம் அத்தானின் குரல் மட்டும் வந்தது. அதில் தேனும் இல்லை, அதட்டலும் இல்லை. அழுகை இருந்தது.

"வா... நான்தான் கூப்பிடறேன். ரோடு காலி. நம்பி வா."

ஊரில் வேறு யாராக இருந்தாலும் அங்கேயே நின்றிருப்பார்கள். அத்தனை பேரையும் அப்படித்தான் பழக்கி வைத்திருந்தார். அக்கா யோசிக்கக்கூட இல்லை. கியரைப் போட்டாள், குரல் வந்த பக்கம் திருப்பினாள். பாறை என் ஜன்னலை உரசுகிற மாதிரி கடந்து போனது. அப்புறம் வெளிச்சம் வந்தது.

அத்தான் ரோட்டோரத்தில் நின்றிருந்தார். கையில் கிழிந்த பந்து. வலது கால் மட்டும் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டே இருந்தது. வண்டி நின்ற பிறகும் அது நிற்கவில்லை. முகமெல்லாம் கரி, கண்ணிலிருந்து கோடு கோடாக வழிந்திருந்தது. புகை என்று பிறகு சொல்லிக்கொண்டார்.

"ஹாரன் வரலையே" என்றார்.

"ஆமா."

"அப்புறம் எப்படி வந்தே?"

"கூப்பிட்டீங்க, வந்தேன்."

என் பக்கத்துக் கதவைத் திறக்க வந்தவர், சம்மணம் போட்டிருந்த என்னைப் பார்த்துவிட்டுப் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். அந்தக் காரில் அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அடிவாரம் வரை அவர் கால் என் சீட்டின் முதுகை மிதித்துக்கொண்டே வந்தது. அக்கா மூன்றாம் கியருக்கு மாற்றினாள்.